பந்தி விசாரிக்கும் பெருமக்களுக்கு

ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங், பந்திங், கேரித் தீவு, கிள்ளான் ஆகிய ஊர்களில், ஆலயங்களின் அன்னதானக் கூடங்களிலும், திருமண மண்டபங்களின் பந்திகளிலும், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளிலும், உற்றார் உறவினர் வீட்டு அடுக்களைகளிலும் பிறர்க்குச் சமைத்துப் பரிமாறும் அன்புடையீர்,

வியாதியைப் பற்றி எழுதுகிறவன் வைத்தியசாலைக்கு எழுதாமல் சமையற்கட்டுக்கு எழுதுவானேன் என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். சீலியாக் என்னும் பெயருடைய நோயைப் பற்றியது இம்மடல். இந்நோய்க்கு உலகத்தின் எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை இல்லை. கத்தி வைத்து அறுத்து அகற்றக்கூடியதும் அன்று. கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களில் அடங்கியுள்ள குளூட்டன் என்ற பசைப்புரதத்தை ஆயுள் முழுவதும் வாயில் படாமல் விலக்கி வாழ்வதொன்றே அதற்குரிய சிகிச்சை. ஆகவே நோயின் பெயரைக் கண்டு சொன்னதோடு வைத்தியருடைய பணியிற் பெரும்பகுதி முடிந்துபோகிறது. அதன்பின் அந்த மனிதருடைய க்ஷேமம், அவருக்கு யார் யார் சோறு போடுகிறார்களோ அவர்களுடைய சிரத்தையைப் பொறுத்ததாகிவிடுகிறது. பிறந்தநாள், காதுகுத்து, நிச்சயதார்த்தம், கல்யாணம், கருமாதி, ஆடிக்கூழ், திருவிழா என்று ஆண்டு முழுவதும் ஒருவர் இலையில் மற்றவர் உண்டே உறவு வளர்க்கிற நம் சமூகத்தில், அவ்வாறு சோறு போடுகிறவர்கள் நீங்கள் அனைவருமே ஆகிறீர்கள்.

நோயின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகுடலின் உட்சுவரில், நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுக்களைப்போல, உணவின் சத்தை உறிஞ்சுவதற்கென்றே அமைந்த நுண்ணிய உறிஞ்சிகள் நிறைந்திருக்கின்றன. பிறவியிலேயே அதற்கு இடங்கொடுக்கும் மரபணு வாய்ந்த சிலருடைய உடலில் குளூட்டன் புகுந்தால், கிருமியை எதிர்க்க வேண்டிய பாதுகாப்புச் சக்தி தன் குடலையே பகையாகக் கருதித் தாக்க, அந்த உறிஞ்சிகள் மடிந்து சமதரையாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு புஷ்டியான ஆகாரத்தை உண்டாலும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் ஒட்டுவதில்லை. சிலருக்கு வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும். சிலருக்கு வயிற்றில் யாதொரு குறையும் தெரியாமல் இரத்தச் சோகையும், எலும்பு பலவீனமும், ஓயாத களைப்பும், கர்ப்பம் தங்காமையும். குழந்தைகளுக்கோ வளர்ச்சி குன்றுதல். இத்தனை வேஷம் போடும் வியாதியாகையால், அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது எந்நாட்டிலும் வழக்கமாயிருக்கிறது.

என் தம்பி மகளுக்கு நேர்ந்ததும் அதுவே. படிப்பிலும் விளையாட்டிலும் முன்னின்ற பெண், படிவம் இரண்டிலிருந்து நாளுக்கு நாள் வெளிறிப்போனாள். கேஸ்ட்ரிக் என்றார்கள், வயிற்றில் காற்று என்றார்கள், வயதுக்கு வந்த பெண்களுக்கு இரத்தம் குறைவது சகஜம் என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்கள், கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். இவ்வளவுக்கும் இடையில், தெம்பு வரட்டும் என்று காலையில் மைலோவும் மாலையில் ஹார்லிக்ஸும், உஷ்ணம் தணியட்டும் என்று பார்லித் தண்ணீரும் அவளுக்குத் தவறாமல் கொடுக்கப்பட்டு வந்தன. மால்ட் என்பது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கப்படுவது என்பதும், ஹார்லிக்ஸில் கோதுமையும் சேர்ந்திருக்கிறது என்பதும் அப்பொழுது எங்கள் வீட்டில் எவருக்குத் தெரியும்? கடைசியில் ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருளைச் சோதிக்கச் சொல்லி, பின்னர்க் குழாய் வழியே குடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்.

இன்னது என்று தெரிந்ததும் வீட்டில் ஒருவகை நிம்மதியே உண்டாயிற்று. துன்பம் அதற்குப் பின்புதான் ஆரம்பமாயிற்று என்பதை வருத்தத்தோடு சொல்லுகிறேன். உறவினர் வீட்டு விசேஷங்களில், "ஒரு வாய் கேசரி சாப்பிட்டால் உயிரா போய்விடும்?" என்று அன்போடு ஊட்ட வந்தவர்கள் பலர்; "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வரும் நோய், நமக்கு ஏது?" என்று நகைத்தவர்கள் சிலர், வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்ததை அகங்காரமாக எடுத்துக்கொண்டு முகம் திருப்பிய பெரியோர்களும் உண்டு. நாளடைவில் அந்தப் பெண் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளைப் போலப் புதிதாக இந்நோயின் பெயரைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் நம் வட்டாரத்தில் வேறு சிலரும் இருப்பார்கள் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை நீங்களும் அறியவேண்டும்.

வெள்ளைக்காரர் நோய் என்பது உண்மையன்று. 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. தெற்கே நூற்றுக்கு 0.10 மட்டுமே. இதை மட்டும் கேட்டால் தமிழர்களாகிய நாம் தப்பினோம் என்று தோன்றும். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 36 பேரிடமும் இருந்தது. அதில் சொல்லத்தக்க பேதமே இல்லை. பேதம் இலையிலே இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். மரபணு உடையவர்களில் மிகச் சிலருக்கே நோய் தோன்றுகிறது என்பதும், கோதுமையின் அளவு ஒன்றே முழுக்காரணம் என்று துணிய முடியாது என்பதும் வாஸ்தவந்தான். ஆயினும் நம் முன்னோரைக் காத்தது அவர்கள் உண்ட சோறும் கூழுமே என்று நினைக்க அந்தக் கணக்கு இடந்தருகிறது.

இனி, நம் இலையைப் பார்ப்போம். தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்து, ரப்பர்த் தோட்டத்து லயங்களில் அரிசிச் சோறு பொங்கி உண்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், இன்று காலையில் ரொட்டி சானாயோடு பசியாறி, பத்து மணிக்குப் பிஸ்கட் தின்று, மாலையில் கறிப்பாப்பும், இரவில் மீ கோரெங்கும், சர்க்கரை வியாதிக்காரராயின் வைத்தியர் சொன்னார் என்று சப்பாத்தியும் உண்கிறோம். ஒரு மணிக் கோதுமையும் விளையாத இந்தத் தேசத்தில், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கும் கோதுமை நம் வீட்டின் மூன்று வேளை ஆகாரத்திலும் புகுந்துவிட்டது. அந்த மரபணு மட்டும் நம்மை விட்டுப் போய்விடவில்லை. 2015 இல் இந்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், நோய் இல்லாதவர்களாகத் தோன்றிய இளைஞர் 562 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 1.25 பேரிடம் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் இருக்கக் கண்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூவினத்தாரும் அவர்களுள் இருந்தார்கள். எதிர்ப்பொருள் இருந்த மாத்திரத்தில் நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஆயிரம் பேர் உண்ணும் அன்னதானப் பந்தியில், தனக்கு இது உண்டு என்று தானே அறியாமல் நீங்கள் போடுகிற கேசரியைத் தின்று எழுந்திருப்பவர்கள் ஒருவரிருவரல்லர் என்று எண்ணுவதில் தவறில்லை.

இந்நோய்க்குக் காரணம் கோதுமையே என்பது தெரியவந்த வரலாறு நம்மவர்க்குச் சுவையானது. ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ என்பவர் 1930களிலேயே கோதுமையின்மேல் சந்தேகம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஜெர்மானியர் அந்நாட்டுக்கு உணவு வராமல் தடுத்தபோது ரொட்டி அருகிப்போக, ஜனங்கள் கிழங்குகளைத் தின்று உயிர் தரித்தார்கள். அப்பஞ்சத்தில் அவருடைய சந்தேகம் வலுப்பட்டது. 1950 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் தம் ஆய்வை நூலாக ஒப்படைத்தார். அதே போரின்போது இங்கே ஜப்பானியர் ஆட்சியில் நம் தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாட்களைக் கழித்ததை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்காலத்தின் நினைவால் பலர் அந்தக் கிழங்கைப் பின்னாளில் தொடவும் விரும்பவில்லை. இன்றோ, மரவள்ளியும் கேழ்வரகும் கம்பும் தினையும், இந்நோயுற்ற குழந்தை அச்சமின்றி உண்ணக்கூடிய ஆகாரங்கள். அவற்றில் குளூட்டன் இல்லை. நம் பாட்டிமார் அறிந்த சமையலிற் பெரும்பகுதி இந்நோய்க்கு ஏற்ற சமையலே. ஐரோப்பாவில் இந்நோய் வந்தவர் தம் ஆகார முறையை அடியோடு மாற்றவேண்டியிருக்கிறது. இட்டிலியும் தோசையும் ஆப்பமும் பொங்கலும் உள்ள நாம் பாக்கியசாலிகள்.

அப்படியானால் கஷ்டம் எங்கே என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற கோதுமையை விலக்குவது எளிது. தெரியாமல் ஒளிந்திருப்பதே கஷ்டம். சாம்பாருக்கும் இரசத்துக்கும் போடுகிற கட்டிப் பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பதில் பலவும் கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்தவை. துவரம்பருப்பும் புளியும் தக்காளியுமாக ஒரு குற்றமும் இல்லாத சாம்பார், அந்த ஒரு சிட்டிகையால் என் தம்பி மகளுக்கு ஆகாததாகிவிடுகிறது. மீ ஹூன் அரிசியால் ஆனதுதான். ஆனால் அதில் ஊற்றுகிற கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை உண்டு. உளுந்துவடை உத்தமமான பண்டம். கறிப்பாப் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்தால் உத்தமம் போயிற்று. ரொட்டி சானாய் தட்டிச் சுட்ட கல்லில் வார்த்த தோசையும், சேமியாப் பாயசத்தைக் கிளறிய கரண்டியால் அள்ளிய சர்க்கரைப் பொங்கலும் அவ்வாறே. இடியாப்ப மாவிலும் முறுக்கு மாவிலும் கோதுமை மாவைக் கலக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில்லில் அதற்கு முன்னால் யாரேனும் கோதுமை அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

இவ்வளவு துளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். துளியின் வலிமையை அளந்து பார்த்திருக்கிறார்கள். நோய் தேறியிருந்தவர்களுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில், குடலின் உறிஞ்சிகள் மீண்டும் சேதமடைந்ததாக 2007 இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதை நாற்பது கூறு செய்தால் ஒரு கூறுக்கு 50 மில்லிகிராம். உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் சபையார், குளூட்டன் அற்றது என்று சொல்லிக்கொள்ளும் ஆகாரம் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அதைக் கொண்டிருத்தல் ஆகாது என்று விதித்திருப்பதும் இதனாலேயே. மேலும், உண்ட உடனே வாந்தியோ மயக்கமோ எல்லாருக்கும் வருவதில்லை. கேசரி தின்ற பெண் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்து, பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; சேதம் உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

அன்பர்களே, இத்தகைய கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று என்பதே நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக ஒருவர் நேர்ந்துகொண்டால், அந்த வீடு எப்படி நடந்துகொள்கிறது! அவருக்கெனத் தனிப் பாத்திரம், தனித் தட்டு; அவருடைய சோறு முதலில் வடிக்கப்படுகிறது; கவிச்சி சமைத்த சட்டி அவருடைய அடுப்பின் பக்கம் வருவதில்லை. ஒரு துண்டு மீன் தின்றால் என்ன குறைந்துவிடும் என்று அவரிடம் கேட்க நம்மில் யாருக்கு நா எழும்? அம்மை வார்த்த வீட்டில் தாளிப்பதற்கும் அஞ்சுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்குகிற மாமியார், அதில் ஆகாதது ஒன்றும் விழாமல் கண்ணுங் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். பிறருடைய விரதத்தையும் பத்தியத்தையும் தம்முடையதாகவே பாவித்துக் காக்கும் இந்த நற்குணம் நம் இரத்தத்தில் ஊறியது. சீலியாக் நோயுற்றவர் கேட்பது அதே மரியாதையைத்தான். வித்தியாசம் ஒன்றே: காவடி விரதம் முருகன் சந்நிதியில் முடிகிறது, இந்தப் பத்தியத்துக்கு முடிவுநாள் கிடையாது. ஆதலால் அவர் சலித்துப் போகும் நாளிலும் நீங்கள் சலிக்காமல் இருக்கவேண்டும்.

சமயக் காரியங்களில் இதற்கு இடம் உண்டோ என்ற ஐயமும் வேண்டாம். கிள்ளான் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தமிழர் சிலருக்குத் திவ்விய நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாயிற்றே என்ற மனக்கிலேசம் எழும். குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பம் செல்லும் என்றும், அது முற்றிலும் நீக்கப்பட்டது செல்லாது என்றும் 2017 இல் வத்திக்கானிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. வைத்தியரையும் பங்குத் தந்தையையும் கலந்துகொண்டால் வழி பிறக்கும். நம் கோயில்களிலோ சிரமம் இன்னும் குறைவு. ரவைக் கேசரிக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கலும், சேமியாவுக்குப் பதிலாக ஜவ்வரிசிப் பாயசமும் உபயம் செய்தால் தெய்வம் குறைபடப் போவதில்லை.

இனிப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. இம்மடலைப் படித்துவிட்டு, நமக்கும் இருக்குமோ என்று அஞ்சி நாளையே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் மெல்ல மறைந்து, இரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்று பொய் சொல்லிவிடும். வழக்கம்போல் உண்டுகொண்டே மருத்துவரிடம் சென்று கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் சோதித்துக்கொள்வது அவசியம். அத்தகைய நெருங்கிய இரத்தபந்தமுடையோரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவருக்கு இது காணப்படுவதாக ஆய்வுகள் சொல்லுகின்றன. சாமான் வாங்கும்போது சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. இந்நாட்டின் 1985 ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் முதலிய தானியங்கள் பொட்டலத்துக்குள் இருந்தால் மேலே அதைத் தெரிவிக்க வேண்டும். மலாய் மொழியில் தெப்பூங் கண்டும் என்றிருந்தால் கோதுமை மாவு; தெப்பூங் பெராஸ் என்றிருந்தால் அரிசி மாவு; பெபாஸ் குளூட்டென் என்றிருந்தால் குளூட்டன் அற்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை எவரும் பாட்டிக்கு இதைப் படித்துச் சொல்லலாம்.

ஆனால் தனியொரு குடும்பம் இவற்றையெல்லாம் தானே தேடித் தடுமாறிக் கற்கவேண்டும் என்பது என்ன நியாயம்? இங்கிலாந்தில், மனச்சாட்சிக் கைதிகளுக்காக 1961 இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்த பீட்டர் பெனன்சன் என்ற பெருமகனார் இந்நோய் உடையவர். 1968 இல் அவரும், நோயுற்ற குழந்தையின் தாயாரான எலிசபெத் சீகல் என்ற அம்மையாரும் சேர்ந்து தொடங்கிய சங்கந்தான் அந்நாட்டின் சீலியாக் நோயாளிகளுக்கு இன்றளவும் ஆதரவாக இருந்து வருகிறது. தூரதேசத்துக்குப் போவானேன்? 2018 இல், சீனதேசம் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்ததும் அது நம் ஜெஞ்சாரோமுக்கு வந்து குவிந்து, இரவெல்லாம் எரிக்கப்பட்ட புகையில் நம் குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தபோது, உள்ளூர்வாசிகள் சிலர் கூடி உட்கார்ந்து, புகைப்படம் எடுத்து, மனு எழுதி, குவாலா லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைக் குழு என்று ஒன்றாக நின்று அதிகாரிகளைத் தட்டியெழுப்பினார்கள். அவர்களும் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களே; தமக்கு நேர்ந்த இன்னலைத் தாமே படித்துத் தெரிந்துகொண்டவர்கள். அந்த ஊர்க்காரர்களாகிய நாம், புதிதாக நோயின் பெயரைக் கேட்டு வந்து நிற்கும் ஒரு தாய்க்கு, எந்தப் பெருங்காயம் வாங்கலாம், எந்தக் கடையில் தோசைக்குத் தனிக் கல் இருக்கிறது, பள்ளி ஆசிரியரிடம் என்ன சொல்லி வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு சிறு கூட்டமாகவேனும் சேரமாட்டோமா?

உங்களிடம் நான் வேண்டுவன எளியவை. அடுத்த உபயத்திலோ கல்யாணத்திலோ ஒருவர் வந்து தமக்குக் கோதுமை ஆகாது என்று சொன்னால், காரணம் விசாரித்து வாதாடாமல், சமையற்காரரை நேரே அழைத்து அவரோடு பேசவிடுங்கள். சோறும் பருப்பும் ஒரு காய்கறியும், சுத்தமான பாத்திரத்தில், பெருங்காயம் சேர்ப்பதற்கு முன்பே, வேறு கரண்டியால் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். வடை சுடுவதாயின் புது எண்ணெயில் வடையை முதலில் சுட்டுவிட்டு, மற்றவற்றைப் பின்னால் பொரியுங்கள். இன்னது சேர்ந்திருக்கிறதா என்று உங்களுக்கே நிச்சயமில்லாதபோது, தெரியாது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அதே பந்தியில், அதே வாழையிலையில், எல்லாரோடும் உட்கார்ந்து உண்ண இடம் கொடுங்கள். சிற்றுண்டிச் சாலை நடத்துகிற தாய்மார்கள், இந்நோயுள்ள பிள்ளைக்குத் தாய் கொடுத்தனுப்பிய சோற்றை மற்றப் பிள்ளைகள் பங்குபோட்டுக் கொள்ளாமல் கண்காணித்தாலே பெரிய உபகாரம்.

இவ்வட்டாரத்தில் இந்நோய் உள்ளவர்களும் அவர்களுக்குச் சமைப்பவர்களும் மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வீட்டில் கூடலாம் என்று எண்ணியிருக்கிறேன். இதற்குச் சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. வருகிறவர்கள் தங்கள் அடுக்களையிலுள்ள பெருங்காய டப்பாவையும், கிச்சாப் போத்தலையும், கறித்தூள் பொட்டலத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். முதற் கூட்டத்தில் அவற்றின்மேல் எழுதியிருப்பதை எல்லாரும் சேர்ந்து படித்துவிடுவோம். பசியாற இட்டிலியும் தேங்காய்ச் சட்னியும் என் தம்பி மகளே செய்கிறாள்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
ஜெஞ்சாரோம்.